ஷெட்டிலிருந்து வார்டுக்கு

ஜூன் 4

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ போனை எடுக்கமாட்டாய் என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் உன் தம்பிதான் எடுத்தான். "மச்சான், அக்கா உங்க குரலையே கேக்க மாட்டேங்குது. எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. நான் பஸ் எடுத்துட்டுப் போகும்போது ஆஸ்பத்திரில குடுத்துடறேன்" என்றான். பாவம், பஸ் ஓட்டுகிறவனைத் தபால்காரனாகவும் ஆக்கிவிட்டோம்.

பாப்பா எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? வலி குறைந்திருக்கிறதா? கட்டு மாற்றும்போது யார் பக்கத்தில் இருக்கிறார்கள்? கேட்க எவ்வளவோ இருக்கிறது. கேட்கும் தகுதி இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்த அன்று வார்டு வாசலில் நர்ஸ், வாட்ச்மேன், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லார் முன்னாலும் நீ கேட்டாயே, "பிரேக்கை நீங்கதானே பிரிச்சு மாட்டுனீங்க?" என்று. "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றாய். வந்துவிட்டேன். வழியெல்லாம் பதிலை யோசித்துக்கொண்டே வந்தேன். இப்போது எழுதுகிறேன். ஆமாம், நான்தான் மாட்டினேன். காரின் முன்சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் பேட் போட்டேன். ஆயில் குறைந்திருந்ததை நிரப்பினேன். தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். சொன்ன இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த வண்டியில் புது வேலைக்குப் போன பிள்ளை, மேட்டிலிருந்து இறங்கும்போது பாலத்துச் சுவரில் மோதிக் கிடக்கிறாள்.

வண்டியை நேற்று இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டுப் போனார்கள். முன்பக்கம் முழுக்க நசுங்கியிருக்கிறது. அவள் பக்கத்துக் கதவைத் திறக்க முடியவில்லை. நான் இன்னும் அதைத் தொடவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஷெட் தெரிகிறது என்று ஜன்னலையே சாத்தி வைத்திருக்கிறேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

பாப்பாவின் அப்பா


ஜூன் 6

உங்களுக்கு,

திட்டுவதற்கு நீங்கள் அனுமதி தரவேண்டிய அவசியம் இல்லை.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இடது முட்டிக்கு மேலே கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். காயம் ஆறிவிடும் என்கிறார் டாக்டரம்மா. பயம் அது இல்லை. இப்போதிருந்தே கட்டிலை விட்டு இறங்கி நிற்க வேண்டுமாம், முட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்க வேண்டுமாம். விட்டுவிட்டால் முட்டி அப்படியே இறுகிப்போகும், ஆயுசுக்கும் விறைத்த கால்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்கிற பெண் தினமும் காலையில் வருகிறாள். உங்கள் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அந்தப் பெண் கெஞ்சிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாள். இதுதான் இங்கே தினமும் நடக்கிறது.

ஏன் என்று கேட்டேன். "என் தப்புதாம்மா. நான்தான் லேட்டா பிரேக் அடிச்சேன். விபத்தை விசாரிக்க வந்த போலீஸ் ஆபீசரே சொன்னாரே, புதுசா ஓட்டுறவங்க பதட்டத்துல இப்படித்தான்னு. வண்டியையும் ஒடச்சேன், உன்னையும் அப்பாவையும் பிரிச்சேன். இந்தக் காலை வெச்சு நான் என்ன செய்யப் போறேன்?" என்றாள். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது?

உங்களைச் சொல்லவேண்டும். படித்தது கணக்கு, பார்ப்பது ஆபீசில் கோப்பு தள்ளுகிற வேலை, நினைப்பு மட்டும் பெரிய மெக்கானிக் என்று. மிக்சி நின்றால் பிரிப்பீர்கள். மோட்டார் நின்றால் பிரிப்பீர்கள். ஓடிக்கொண்டிருப்பதையும் ஏன் ஓடுகிறது என்று பிரிப்பீர்கள். வெளி ஆள் கை நம் வண்டியில் படக்கூடாது என்பது உங்களுக்கு ஒரு வைராக்கியம். ஒரே ஒரு தடவை அந்த பிரேக்கை ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அந்த ஷெட்டை நீங்கள் கும்பிட்ட அளவுக்கு என்னைப் பார்த்ததில்லை. போன மாதம் நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, வருகிறவர் சந்தோஷப்படட்டும் என்று நாள் முழுக்க அதைக் கூட்டிப் பெருக்கினேன். ஆணியில் தொங்கவிட்டிருந்த ஆயில் பாட்டில்களை எல்லாம் துடைத்தேன். கரிப்பிடித்த நூல்களை வெட்டிப் போட்டுவிட்டு, என் தையல் பெட்டியிலிருந்து நல்ல நூல் எடுத்துக் கட்டித் தொங்கவிட்டேன். வந்ததும் என்ன சொன்னீர்கள்? "யாரு என் ஷெட்ல கை வெச்சது? ஒண்ணும் வெச்ச எடத்துல இல்ல." அவ்வளவுதான் கிடைத்த பாராட்டு.

போகட்டும். இப்போது எனக்கு ஒன்று வேண்டும். வண்டி உங்கள் கண்முன்னால்தான் நிற்கிறது. பிரித்துப் பாருங்கள். பிரேக் போயிருந்ததா, இல்லையா? போயிருந்தால் யார் கையால் போயிற்று? அதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். நான் இவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளையை இந்தக் கதிக்கு ஆளாக்கிய கை யாருடையதோ, அந்தக் கையால் இனி ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டேன். அது உங்கள் கையாக இருந்தால் நான் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். தெரிந்துகொண்டே எழுதுங்கள்.


ஜூன் 10

பாப்பாவின் அம்மாவுக்கு,

பிரித்துவிட்டேன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையில் உட்கார்ந்தவன், பொழுது சாயும்போதுதான் எழுந்தேன்.

முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். நான் இறுக்கிய போல்ட்தான். தளர்ந்திருக்குமோ என்று பயந்தேன், இறுக்கமாகவே இருந்தது. இரண்டு சக்கரத்தையும் கழற்றினேன். பேட் எல்லாம் நான் வைத்தபடியே இருந்தது, புதுக்கருக்கு அழியவில்லை. ஆயில் போகிற குழாயைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. விரிசல் இல்லை. ஒரு திருகுகூட விட்டுப்போகவில்லை.

எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். என் கை இல்லை, என் கை இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். தையற்காரர் வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

அப்புறம்தான் உறைத்தது. என் கை இல்லை என்றால் அப்புறம் அது யார்? பாப்பா சொல்வதுதான் உண்மை என்று ஆகிறது. நான் தப்பித்துவிட்டேன் என்று அழுதுகொண்டிருந்த நேரத்தில் பிள்ளையின் தலையில் பழியைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பெற்றவன் படுகிற சந்தோஷமா அது?

நீ உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். இதை அவளிடம் படிக்காதே. என்ன செய்யலாம் என்று சொல்லு. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.


ஜூன் 12

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறேன். அவள் "அப்பா என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டாள். "இன்னும் பாத்துட்டிருக்காராம்" என்றேன். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேற்று பயிற்சிக்காரப் பெண் முட்டியை மடக்கிப் பார்த்தாள். பாதிகூட மடங்கவில்லை. டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்து, "உங்க பொண்ணு ஒத்துழைக்கலன்னா நான் என்னம்மா செய்ய முடியும்? இந்த வாரத்தை விட்டுட்டா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு மாமி. அவரே நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்வருகிறார். இவள் தட்டில் வைத்ததைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கிடக்கிறாள். ராத்திரியில் அவள் விழித்திருப்பது எனக்குத் தெரியும். நான் விழித்திருப்பது அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் தூங்குவதுபோல் நடிக்கிறோம்.

இன்னும் ஒரு தடவை பாருங்கள். முழுசாகப் பாருங்கள். சக்கரத்தோடு முடிந்துவிடுமா பிரேக்? நேற்று சோறு ஊட்டும்போது பேச்சுக் கொடுத்தேன். அவள் சொன்னது இதுதான். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறமாதிரி வண்டி இழுத்ததாம். மேட்டில் இறங்கும்போது பெடலில் கால் வைத்தாளாம். அது கீழே போனது போனதுதானாம், திரும்பி மேலே வரவே இல்லையாம். "அப்புறம் யோசிச்சா, நான் மிதிச்சேனா இல்லையான்னே எனக்குச் சந்தேகமா இருக்கும்மா" என்கிறாள். அதிர்ச்சியில் ஞாபகம் குழம்பும் என்று நர்ஸ் சொல்கிறாள். குழம்பியதோ குழம்பவில்லையோ, நீங்கள் மெக்கானிக் ஆயிற்றே, இதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள்.

இப்படி எழுத எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். எதுவும் கிடைக்காவிட்டால் கிடைத்ததாக எழுதுங்கள். உங்கள் தப்பு என்று எழுதுங்கள். அன்றைக்கு உங்கள் தப்பாக இருக்கக்கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் உங்களைத் திட்டினேன். இன்றைக்கு உங்கள் தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என்னை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பாருங்கள்.


ஜூன் 15

பாப்பாவின் அம்மாவுக்கு,

பொய் எழுத வேண்டிய தேவை இல்லை. கிடைத்துவிட்டது. இதை நீ பாப்பாவுக்கு அப்படியே படித்துக்காட்டலாம். அவளுக்குப் புரிகிறமாதிரி எழுதுகிறேன்.

பெடலை மிதித்தால் அது ஒரு உருளைக்குள் இருக்கிற ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். அந்த உருளைக்குப் பெயர் மாஸ்டர் சிலிண்டர். அதற்குள் சின்னச் சின்ன ரப்பர் வாஷர்கள் இருக்கின்றன. ஆயிலைத் தள்ளுவது அவைதான். போன தடவை நான் இதைத் திறக்கவே இல்லை. பெடல் மேலே வரவில்லை என்று பாப்பா சொன்னதை நீ எழுதியிருந்தாயே, அதற்கு அப்புறம்தான் திறந்தேன். வாஷர் எல்லாம் ஊறவைத்த பயறு மாதிரி உப்பிக் கிடந்தது. வெளியே எடுக்கவே வரவில்லை, நெம்பித்தான் எடுத்தேன்.

ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். அது பிரேக் ஆயில் இல்லை. ஜாக்கி ஆயில். வண்டியைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கிக்கு ஊற்றுவது. பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். ஆனால் ஜாக்கி ஆயில் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். முதல் சில நாள் நன்றாக இருப்பதுபோல் காட்டும். பிறகு வண்டி இழுக்கும். பிறகு பெடல் போனால் வராது. பாப்பா சொன்னது ஒன்றுவிடாமல் சரி. அவள் நேரத்துக்குத்தான் மிதித்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும், இவ்வளவு ஏன், உன் தம்பியே இருந்திருந்தாலும் அந்த வண்டி நின்றிருக்காது.

ஊற்றியவன் நான். பாட்டிலை மாற்றி எடுத்து, மூடியைத் திறந்து, என் கையால் ஊற்றினேன். வேறு யாரும் இல்லை. நான் இதை மழுப்பவில்லை.

பாப்பாவிடம் சொல்லு. நீ ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை, குறை உன் அப்பன் கையில்தான் என்று சொல்லு. அவள் காலில் இறங்கி நின்றால் போதும். அதற்கப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று நீ போன கடிதத்துக்கு முந்தியதில் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. உன் துணிமணி, தையல் மிஷின் எல்லாம் எங்கே அனுப்பவேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவிடு.


ஜூன் 18

உங்களுக்கு,

படித்துக்காட்டினேன்.

முதலில் அவள் நம்பவில்லை. என் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கி அவளே படித்தாள். "பெடல் போனால் வராது" என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, "நான் மிதிச்சேம்மா. நான் மிதிச்சேன்" என்று அழ ஆரம்பித்தாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அழட்டும் என்று விட்டுவிட்டேன். அழுது முடித்ததும் பசிக்கிறது என்றாள். இங்கே வந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை.

அதற்கப்புறம் கோபம் வந்தது பாருங்கள். "எத்தனை தடவைம்மா சொன்னோம், வெளிய குடுங்கன்னு? கேட்டாரா? நான் நடந்துபோய் அவர் முன்னாடி நின்னு கேக்கணும்" என்றாள். மறுநாள் பயிற்சிக்காரப் பெண் வந்தபோது இவளே போர்வையை விலக்கினாள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, இடது காலைத் தரையில் வைத்து நின்றாள். வலியில் உதட்டைக் கடித்து ரத்தமே வந்துவிட்டது. ஆனால் உட்காரவில்லை. டாக்டரம்மா என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்ன சொல்லில் மாற்றமும் இல்லை. மிஷினை என் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒன்று மட்டும் நெருடுகிறது. கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பார்க்கிறேன். கை தவறி டம்ளர் உடைந்தாலும் டம்ளர் மேல் குற்றம் சொல்கிற ஆள் நீங்கள். சுவிட்சைப் போட மறந்துவிட்டு மோட்டார் கம்பெனியைத் திட்டுகிற ஆள். அப்படிப்பட்டவர், இவ்வளவு பெரிய விஷயத்தில், ஒரு "ஆனால்" கூட இல்லாமல், ஊற்றியவன் நான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டிலை எப்படி மாற்றி எடுத்தீர்கள்? அந்த ஷெட்டில் கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுப்பேன் என்று பீற்றிக்கொள்வீர்களே. அதை மட்டும் எழுதுங்கள்.


ஜூன் 20

பாப்பாவின் அம்மாவுக்கு,

அவள் நின்றாள் என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பாட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் எழுத ஒன்றுமில்லை. அவசரம், அவ்வளவுதான். அன்றைக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. வெளிச்சமும் போதவில்லை. ஒரு பாட்டில் கீழே விழுந்து கிடந்தது, அதை எடுத்து மாட்டும்போது இடம் மாறியிருக்கவேண்டும். கண்ணும் முன்னைப்போல் தெரிவதில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும். இப்படி எல்லாம் சேர்ந்துகொண்டது. இதைத் தோண்டித் துருவ வேண்டாம். பாப்பாவைக் கவனி.

மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளை தம்பி வந்து எடுத்துக்கொள்வான்.


ஜூன் 24

உங்களுக்கு,

தம்பி மிஷினை எடுத்துக்கொண்டு போன கையோடு என்னிடம் வந்தான். நான் கேட்காமலே சொன்னான். "மச்சான் ஷெட்டைப் பாத்தேன்க்கா. எல்லா பாட்டில்லயும் பேப்பர் ஒட்டிப் பேரு எழுதி வெச்சிருக்காரு. நூல் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் வெட்டிக் குப்பைக் கூடைல போட்டிருக்காரு."

நூலை ஏன் வெட்டினார் என்று கேட்டேன். அவன் சிரித்தான். "அவருக்கு நூல்தானக்கா அடையாளம். செவப்புன்னா பிரேக்கு, நீலம்னா ஜாக்கி. எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்காரு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தொங்கவிடத்தான் நூல் என்று நினைத்தேன். பழைய நூலெல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது, கண்ணுக்கு எந்த நிறமும் தெரியவில்லை. அந்த ஒட்டடைக்கு நடுவில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று பெட்டியில் கையில் வந்த கலரையெல்லாம் எடுத்துக் கட்டினேன். எதில் எதைக் கட்டினேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. நினைவு வர வேண்டியதும் இல்லை. நீங்கள் ஊர் திரும்பி வந்து பிரேக்கைப் பிரித்தீர்கள், புதுச் சிவப்பு நூலைப் பார்த்தீர்கள், ஊற்றினீர்கள். இல்லையா?

வெளிச்சம் போதவில்லையாம். கண்ணாடி மாற்ற வேண்டுமாம். உங்களுக்குப் பொய் சொல்ல வராது என்பது எனக்குத் தெரியாதா? அடுக்கிக்கொண்டே போகும்போதே தெரிந்துவிட்டது.

என் பிள்ளையை இப்படி ஆக்கிய கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டேன் என்று எழுதினேனே. தம்பி சொல்லிவிட்டுப் போனதிலிருந்து என் கையால்தான் மொண்டு குடித்துக்கொண்டிருக்கிறேன். இதே கையால்தான் அவளுக்குத் தலை வாருகிறேன், உடம்பு துடைக்கிறேன். துடைக்கும்போது கையைப் பார்க்காமல் துடைக்கிறேன்.

இதை போனில் சொல்ல முடியாது. அவள் பக்கத்திலேயே இருக்கிறாள், எல்லாம் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் நேற்று பயிற்சி அறைக்குப் போனேன். இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் அவள். ஒவ்வொரு அடிக்கும் உங்களைத் திட்டிக்கொண்டே வருகிறாள். "உங்க வைராக்கியத்தைக் கொண்டுபோய்..." ஒரு அடி. "எங்களைவிட அந்த ஷெட்டு பெருசா..." இன்னொரு அடி. பயிற்சிக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். கம்பி முடிகிற இடத்தில் நான் நின்றேன். வந்து சேர்ந்ததும் அப்படியே என் தோளில் சாய்ந்து, "அம்மா, நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவள் யார் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? இங்கே என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் மேல் இருக்கிற கோபத்தில்தான் அவள் நடக்கிறாள். அந்தக் கோபத்தை நான் இப்போது கலைத்தால் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. அவள் உங்களைத் திட்டும்போதெல்லாம் நானும் தலையாட்டுகிறேன். என்ன ஜென்மம் நான்.

கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அவள் நன்றாக நடக்கிற வரைக்கும் அது நீங்களாகவே இருக்க முடியுமா? அதற்கப்புறம் நானே சொல்லிவிடுகிறேன். சொல்லும் தைரியம் வருமா என்று தெரியவில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். "நேரா நம்ம வீட்டுக்குத்தாம்மா போகணும். அவர்கிட்டக் கேக்கணும்" என்கிறாள். அவளை அழைத்துக்கொண்டு வந்து வாசலில் விடுகிறேன். நான் எந்த முகத்தோடு உள்ளே வருவது என்றுதான் தெரியவில்லை.


ஜூன் 27

பாப்பாவின் அம்மாவுக்கு,

இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா? அது நானாகவே இருக்கட்டும்.

தியாகம் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நூலை மாற்றியது நீதான். ஆனால் நூலுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் உனக்கும் சொல்லாமல், அவளுக்கும் சொல்லாமல், பெரிய ரகசியம் மாதிரி வைத்திருந்தவன் யார்? என் ஷெட்டில் வேறு யார் கை வைக்கப்போகிறார்கள் என்ற திமிர். எல்லாம் இடம் மாறியிருக்கிறது என்று தெரிந்து உன்னிடம் கத்தத் தெரிந்தது. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்க்கத் தெரியவில்லை. அதனால் நான் எழுதியதில் பொய் கொஞ்சம்தான். சொல்ல வேண்டாம் என்று விட்டது பாதி. அந்தப் பாதி எனக்குத் தெரிந்ததிலிருந்து, உனக்குத் தெரியக்கூடாதே என்றுதான் தவித்துக்கொண்டிருந்தேன். உன் தம்பி வாய் இருக்கிறதே, பஸ் ஹாரனைவிட மோசம்.

அவளிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசுவோம். தனியாக யோசித்து யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. தண்ணீரைக் குடி. சாப்பிடு. அவளுக்குத் தலை வாரும்போது கையைப் பார்த்தே வாரு. அந்தக் கைதான் இத்தனை நாள் அவளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

இங்கே நான் செய்திருப்பதை எழுதுகிறேன். வண்டியை எடைக்குப் போட்டுவிட்டேன். வாசல் கேட்டிலிருந்து ஷெட் வரைக்கும் வழியில் கிடந்த பழைய மோட்டார், டயர், இரும்புக் குப்பை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டேன். தரையில் படிந்திருந்த ஆயில் கறையை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நானே வெறுங்காலோடு நடந்து பார்த்தேன், வழுக்கவில்லை. சுவரோரமாக அவள் இடுப்பு உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு வர ஒரு குழாய் பதித்திருக்கிறது. பயப்படாதே, அது நான் மாட்டியது இல்லை. வெளி ஆளை வைத்து மாட்டினேன். அவர் வேலை செய்தபோது பக்கத்தில் நின்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மாட்டி முடித்ததும் அதில் தொங்கிப் பார்க்கச் சொன்னேன். தொங்கிக் காட்டிவிட்டுத்தான் போனார்.

மிஷினைத் தம்பியிடம் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

கேட் வரைக்கும் வாடகை வண்டியில் வாருங்கள். அங்கே இறங்கிக்கொள்ளட்டும். நான் எதிரே வந்து தாங்கமாட்டேன், ஷெட்டிலேயே நிற்கிறேன். குழாயைப் பிடித்துக்கொண்டு அவளே வரட்டும். நீ அவளுக்குப் பின்னாலேயே வா, அப்படியே உள்ளேயும் வந்துவிடு. அவள் என்னிடம் கேட்க நினைத்திருப்பதையெல்லாம் கேட்டு முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன். மனசு தாங்காமல் நீயும் குறுக்கே பேசிவிடாதே. நாற்காலியும் போட்டுவிடாதே. முழுக்கத் திட்டட்டும். நின்றுகொண்டே திட்டட்டும்.

பாப்பாவின் அப்பா